தெருவுக்குரிய ஹக்கு



வர்த்தகப் பெருமக்களே! வீடோ கடையோ பிடிக்கப் போகிறவர் முதலில் எதைக் கேட்கிறார்? முகப்பு எத்தனை அடி, வாடகை எத்தனை வெள்ளி, கார் நிறுத்த இடமுண்டா, பத்தாண்டு கழித்து விலை ஏறுமா என்றுதான் கேட்கிறார். கேட்பதில் தவறில்லை. கணக்குப் பார்க்காதவன் வியாபாரியாக இருக்க முடியாது. ஆனால் அரபு மக்களிடையே, வீட்டைப் பார்க்குமுன் அண்டை வீட்டாரைப் பார் என்று ஒரு பழமொழி உண்டு. நம்மில் எத்தனை பேர் ஒரு கடைவீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், மேல்மாடியில் குடியிருப்பவர் யார், சுவருக்கு அப்பால் இருப்பவர் யார் என்று விசாரித்திருக்கிறோம்? எமக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. நாமும் விசாரித்ததில்லை. அதனால் எமக்கு நேர்ந்த தலைகுனிவைப் பின்னால் சொல்வோம். ஒரு பட்டணத்தில் குடியிருக்கத் தகுந்த தெரு எது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நமது பினாங்கு ஜார்ஜ் டவுனையே பார்ப்போம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் குடியேறிய தெருவுக்கு அவர்கள் பெயராலேயே சூலியா தெரு என்று பெயர் அமைந்தது. 1801-ஆம் ஆண்டில் இங்கிலீஷ் கும்பினியார் பள்ளிவாசலுக்கென்று நிலம் விட்டார்கள். அங்கே எழுந்ததுதான் கப்பித்தான் பள்ளி. முன்பு பிட் தெரு என்றும் இன்று அப்பள்ளியின் பெயராலும் வழங்கும் வீதியில் கடற்கரைப் பக்கமாக நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில் வரும். கோடியில் 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கும். பக்கத்துக் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்கா இருக்கிறது. எல்லாவற்றையும் கால்நடையாகவே, ஒரு லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஆற அமரப் பார்த்து வந்துவிடலாம். 2008-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு.

கட்டடங்களுக்குப் பட்டயம் வந்தது. ஆனால் அதற்கு எட்டாண்டுக்கு முன்பே மனிதர்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதில் வீட்டுக்காரருக்கு அநியாயம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. வரும் வாடகையில் கூரை ஓடு மாற்றவும் முடியாமல் திண்டாடியவர்கள் நம் சமூகத்திலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்தச் சட்டம் நீங்கியது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக உள்தெருக்களில் இருந்த குடும்பங்கள் பல பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்கும் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கமும் போய்ச் சேர்ந்தன. காலியான மாடிகள் சிலவற்றில் பறவைக் கூட்டு வியாபாரம் நுழைந்தது. ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, குருவிகளைக் குடிவைத்தார்கள். பின்னர் மரபுரிமை வட்டாரத்திலிருந்து அவற்றை 2013 முடிவதற்குள் அகற்ற மாநில அரசு கெடு வைத்தது. குருவிகள் போன இடத்துக்குப் பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்படவில்லை. தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. நமது கடைகளில் வியாபாரம் குறையவில்லை, சிலருக்குக் கூடியிருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துக்கொண்டு நாமும் காரேறித் தொலைவிலுள்ள வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அப்படியானால் இது நல்ல தெருவா, கெட்ட தெருவா?

இதற்குப் பதில் காண அபூதாவூதில் வரும் ஒரு ஹதீதை முதலில் பார்ப்போம். அபூஹுறைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு மனிதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் அண்டை வீட்டார் தரும் தொல்லையை முறையிட்டார். பொறுத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள். அவர் மீண்டும் மீண்டும் வந்தார். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ, வீட்டுச் சாமான்களை எடுத்துத் தெருவில் போடுமாறு நாயகம் அவர்கள் கூறினார்கள். அவரும் அவ்வாறே செய்தார். வழியே போனவர்கள் என்ன சங்கதி என்று கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்டவர்களெல்லாம் அந்த அண்டை வீட்டாரைச் சபிக்கலானார்கள். சற்று நேரத்தில் அவரே ஓடிவந்து, வீட்டுக்குள் திரும்பிப் போங்கள், இனி நீங்கள் வெறுக்கும் எதையும் என்னிடம் காணமாட்டீர்கள் என்று வேண்டிக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைப் பயான்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டாரைத் துன்புறுத்தாதே என்ற படிப்பினையோடு ஆலிம்கள் முடித்துவிடுவார்கள். அது சரியே. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே காஜி வரவில்லை, அபராதம் இல்லை, தண்டனை இல்லை. வழக்கைத் தீர்த்தவர்கள் யார்? தெருவில் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். பேரீச்சம்பழம் வாங்கப் போனவரும் தண்ணீர்த் துருத்தி சுமந்தவரும், பிறர் சாமான் தெருவில் கிடப்பதைக் கண்டதும் நின்று கேட்டார்களே, அதுதான் தீர்த்தது. அந்தத் துன்புறுத்தியவருக்கும் அவர்கள் சொல் உறைத்தது. நாளைக்கும் அதே முகங்களை அதே சந்தில் பார்க்க வேண்டியவர் அல்லவா? மதீனாவின் தெரு அப்படி இருந்தபடியால்தான் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மருந்தைச் சொன்னார்கள்.

இன்று நம் தெருவில் ஒருவர் தம் சாமானைத் தூக்கி வெளியே போட்டால் என்ன நடக்கும்? பாவம், வாடகை கட்ட முடியவில்லை போலும் என்று எண்ணி நாம் ஒதுங்கிப் போவோம். பழைய மரப்பெட்டியாக இருந்தால் சுற்றுலாப் பயணி ஒருவர் படம் பிடிப்பார், விலையும் கேட்பார். என்ன சங்கதி என்று கேட்க எவர் இருக்கிறார்?

இதைச் சொல்லும் யோக்கியதை எமக்கு உண்டா என்றால் இல்லை. சொன்னபடி அந்தத் தலைகுனிவைச் சொல்லிவிடுகிறோம்.

எமது மளிகைக் கடைக்கு அடுத்த வீட்டு மாடியில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். பிரம்பு பின்னும் தொழில். வயதானபின் அதையும் விட்டுவிட்டார். எமக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் நாம் கடைப்பலகை எடுக்கும் நேரத்தில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து அஞ்சடியில், தூணோரமாக உட்கார்ந்துகொள்வார். பாசார் மலாயில் நாலு வார்த்தை, அவ்வளவுதான் பேச்சு. பையன் இல்லாத நாளில் லுஹருக்குப் பள்ளிக்குப் போகும்போது அவரைப் பார்த்துக் கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவார். நாம் திரும்பி வரும்வரை முக்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டார். பதினைந்து ஆண்டுக்கு மேல் இப்படிச் சம்பளம் வாங்காத காவல் காத்தார். அவர் பெயர் என்னவென்று நாம் கேட்டதில்லை. அங்கிள் என்றே அழைத்தோம்.

ஒரு ரமலானில், பெருநாள் வியாபாரத்துக்காகப் பேரீச்சம்பழம், நெய், சேமியாப் பெட்டிகளைக் கடைக்குள் இடமில்லாமல் அஞ்சடியில் அடுக்கினோம். தூணோரமும் அடைந்துபோயிற்று. பெரியவர் முக்காலியோடு இறங்கி வந்து பார்த்தார். எமது கடைப் பையன், அப்பால் வையுங்கள் அங்கிள் என்றான். அப்பால் வெயில். அவர் சிரித்துவிட்டு மேலே போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எமக்கு அது தெரியாமலில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாமே ஒரு பதில் சொல்லிக்கொண்டோம். கடையில் கூட்டம்.

எதிர்ச்சரகத்தில் மாலை கட்டி விற்கும் அம்மாள்தான் வந்து கேட்டார். "பாய், மேல்வீட்டுத் தாத்தா எங்கே? ரெண்டு நாளா முக்காலி காணோமே?"

மேலே ஏறிப் பார்த்தபோது அவர் அடுப்படியில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தண்ணீர்க் கூஜா கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. உயிர் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மகள் தம்மோடு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் இருந்த மாடியில் இப்பொழுது நாள் வாடகைக்கு அறை விடுகிறார்கள்.

அந்த இரண்டு நாளும் நாம் நோன்பாளிகள். தராவீஹ் ஒரு ரக்அத்தும் தவறவில்லை. ஒரு சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அதிகமாகத் தொழுது, நோன்பு நோற்று, தர்மமும் செய்த ஒரு பெண்ணைப்பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டது. அவள் நாவினால் அண்டை வீட்டாரை நோவிப்பவள் என்றும் சொல்லப்பட்டது. அவள் நரகத்துக்குரியவள் என்று அவர்கள் கூறியதாக இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் தொகுப்பில் வருகிறது. நாம் நாவினால் யாரையும் நோவிக்கவில்லையே என்று எம்மைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தோம். தேற்ற முடியவில்லை. பேரீச்சம்பழப் பெட்டியாலும் ஒருவரை நோவிக்க முடியும்.

அஞ்சடி என்பது யாருடையது? இது நம் வியாபாரிகள் அனைவரும் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இந்த வழக்கம் சிங்கப்பூரில் எழுத்தில் வந்தது. 1822-இல் ராபிள்ஸ் துரை அந்தப் பட்டணத்தை வகுத்தபோது, வீடு ஒவ்வொன்றுக்கும் தெருமுகப்பில் ஒரு தாழ்வாரம் இருக்கவேண்டும், அது வரிசையாகத் தொடர்ந்து எந்நேரமும் நடப்பவருக்குத் திறந்திருக்கவேண்டும் என்று விதித்தார். பின்னர் பினாங்கு, ஈப்போ, மலாக்கா என்று எல்லா ஊர்க் கடைவீடுகளுக்கும் அதே அமைப்பு பரவியது. நிலம் கடைக்காரருடையது, நடை எல்லாருடையது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற நல்ல ஏற்பாடு. ஆனால் வியாபாரி கை சும்மா இருக்குமா? சாமான் வெளியே வந்தது. சிங்கப்பூர் நகராட்சியார் அதை அகற்ற முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கடைகளை அடைத்துக் கலகமே மூண்டது. ஆகவே இது நேற்று இன்று வந்த தகராறு அல்ல.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீது இது. தெருக்களில் உட்காருவதைத் தவிர்க்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஸஹாபாக்கள், எங்களுக்கு வேறு வழியில்லை, அங்கேதான் அமர்ந்து பேசிக்கொள்கிறோம் என்றார்கள். அப்படியானால் தெருவுக்கு அதன் ஹக்கைக் கொடுங்கள் என்றார்கள். தெருவின் ஹக்கு யாது என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்று விளக்கினார்கள்.

இதில் எம்மைக் கவர்வது, ஸஹாபாக்கள் சொன்ன காரணத்தை நாயகம் அவர்கள் தள்ளிவிடவில்லை என்பதே. அமர்ந்து பேச மனிதனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆகையால் அஞ்சடியைத் துடைத்துக் காலியாக வைத்துவிட்டால் ஹக்கு நிறைவேறிவிட்டது என்று நாம் கருதவில்லை. ஆளில்லாத சுத்தமான அஞ்சடியும் ஊமைதான். முக்காலிக்கு இடம் வேண்டும். மாலை கட்டும் அம்மாளுக்கு இடம் வேண்டும். குருடர் கோல் தட்டாமல் நடக்கவும் வழி வேண்டும். சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் போக முடியாது. கடைக்காரர் ஒவ்வொருவரும் தம் தூணுக்குத் தூண் தாமே பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். மனிதர் உட்கார்ந்திருந்தால் எதிர்வீட்டுக்காரரை இரண்டு நாளாகக் காணோமே என்று கேட்பார். பெட்டி எதைக் கேட்கும்?

நம் அண்டையில் இருப்பவர் முஸ்லிம் அல்லவே என்று சிலர் சொல்வதுண்டு. குர்ஆன் ஷரீபில் சூரத்துன்னிஸாவின் 36-ஆம் ஆயத்து, உறவினரான அண்டை வீட்டாருக்கும் அயலாரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். இதற்குமேல் இதில் வாதம் என்ன இருக்கிறது? 1867 ஆகஸ்டில் இதே ஜார்ஜ் டவுனில் பத்து நாள் கலகம் நடந்தபோது, சீனர்களின் இரண்டு இரகசியச் சங்கங்களோடு நம்மவர்கள் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று இரண்டாகப் பிரிந்து நின்று அடித்துக்கொண்டார்கள். முஸ்லிமே முஸ்லிமின் தெருவுக்குப் பயந்த காலம் அது. சிங்கப்பூரில் 1989 முதல் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் இன்னின்ன இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி பக்கத்துப் பக்கத்துக் கதவாகக் குடிவைத்துவிடும். அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர் நாம்தாம்.

இனி, கட்டட உடைமையாளராக இருக்கும் அன்பர்களிடம் ஒரு சொல். வியாபாரிக்கு வியாபாரக் கணக்கிலேயே சொல்கிறோம். இதுவும் புகாரீயில் உள்ளதே. அபூ ராஃபிஃ (ரலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஃது அவர்களிடம் வந்து கேட்டார்கள். ஸஃது அவர்கள், நாலாயிரம் திர்ஹத்துக்குமேல் தரமாட்டேன், அதுவும் தவணையில்தான் என்று கறாராகச் சொன்னார்கள். அபூ ராஃபிஃ அவர்களுக்கோ வெளியே ஐந்நூறு தீனாருக்குக் கேள்வி இருந்தது. தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று போட்டால் ஐயாயிரம். ஆயிரம் திர்ஹம் நட்டம், மேலும் ரொக்கமில்லை. ஆயினும், அருகிலிருப்பதனால் அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த அறைகளை ஸஃது அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஹனபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ உரிமை உண்டென்றும், ஷாபிஈ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே என்றும் சட்டம் வகுத்தார்கள். நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். அந்த வாதத்தைக் கிதாபு ஓதியவர்களுக்கு விட்டுவிடுவோம். அபூ ராஃபிஃ அவர்கள் செய்தது அழகிய காரியம் என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு பேச்சில்லை. அதிக விலைக்கு விற்பதும் நல்ல வாடகைக்கு விடுவதும் ஹலாலே. அதை யாரும் ஹராம் என்று சொல்லவில்லை. முப்பதாண்டு இருந்த தையற்காரரையோ பிரம்புக்காரரையோ எழுப்பிவிட்டு விடுதிக்காரரிடம் சாவியைக் கொடுக்குமுன், இந்த வாடகைக்கு உங்களால் முடியுமா, முடியாவிட்டால் எவ்வளவு முடியும், தவணை வேண்டுமா என்று அவரிடம் முதலில் கேட்டோமா? கேட்கும் சிரமமாவது எடுத்தோமா? கணக்கில் ஆயிரம் திர்ஹம் எவ்வளவு பெரிய தொகை என்று அபூ ராஃபிஃ அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

எல்லாரிடமும் கட்டடம் இல்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் ஆணம் காய்ச்சுகிறோம். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர்ரு (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் உபதேசித்தார்கள். முதல் போடத் தயங்குகிறவருக்கும் இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. கூடுதல் முதல் தண்ணீர்தானே! இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு அன்பளிப்புத் தருவது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்டதற்கு, கதவு அருகில் இருப்பவருக்கு என்றார்கள். நம் பள்ளியில் ரமலான் மாதம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். தூக்குப் பாத்திரத்தோடு வருகிற எவருக்கும் இல்லை என்பதில்லை. நடந்து வர முடியாதவருக்கு யார் கொண்டுபோகிறார்கள்? மாடிப்படி ஏறிப்போய்க் கொடுக்க நம் வாலிபர்களில் நால்வர் போதும். நிர்வாகக் கமிட்டியாருக்கு இதை இந்தப் பத்தியின் மூலமாகவே விண்ணப்பித்துக் கொள்கிறோம். சீனப் பெருநாளைக்கு அவர்கள் தரும் ஆரஞ்சுப் பழத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறோமே, அதற்கு ஆண்டு முழுவதும் நாம் திருப்பிக் கொடுத்தது என்ன?

எமது சரகத்தில் மூலைக்கு மூலை பதினொரு கதவுகள். சென்ற மாதம் எண்ணிப் பார்த்தோம். அவற்றில் ஆறு கதவுகளுக்கு மேலே இன்னும் மனிதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். நாலு குடும்பத்தின் பெயர் எமக்கு முன்பே தெரியும். மற்ற இரண்டையும் படியேறிப்போய், இத்தனை ஆண்டு கழித்துக் கேட்கிறோமே என்ற வெட்கத்தோடு கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒருவர் மலாய்க்காரப் பாட்டி, தனியாக இருக்கிறார். கடைத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து வந்தோம்.

தூணோரம் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். மாலை கட்டும் அம்மாள் மத்தியானத்தில் வந்து உட்காருகிறார். சில சமயம் வழி தெரியாத வெள்ளைக்காரர்களும் உட்காருகிறார்கள். சரக்கு வந்து இறங்குகிற நாளில் கடைப் பையன் அதன்மேல் பெட்டியை வைத்துவிடுகிறான். எடுக்கச் சொல்கிறோம். மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

வஸ்ஸலாம்.